வால்டன் குளமும் அமிர்திக் காடும்

வேலூர் நகரின் வெக்கையை விட்டு விலகித் தெற்கு நோக்கி 25 கிலோமீட்டர் சென்றால் அமிர்தி வரும். சவ்வாது மலையின் வாயில் அது. ஓடையும் உண்டு, அருவியும் உண்டு. 1967ஆம் ஆண்டில் அமைந்த விலங்கியல் பூங்காவும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் நகரத்துக் குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் வருவர். கூண்டில் உள்ள மானையும் மயிலையும் குழந்தைகளுக்குக் காட்டுவர். மாலையில் மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வீடு திரும்புவர். அந்த மலையின்மேல் மக்கள் வாழ்கின்றனர் என்பதோ, அவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதோ, திரும்புவோரில் எத்தனை பேருக்கு நினைவில் நிற்கும்?

அந்த அமிர்தியில் ஒரு மாணவரைக் கண்டேன். மலைமேல் உள்ள சிற்றூரில் பிறந்தவர். மலையாளி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். சாமை விதைத்தும், புளியும் கடுக்காயும் தேனும் சேர்த்தும் பிழைத்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர். ஆங்கில இலக்கியம் பயில்கின்றார். கையில் இருந்தது சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் அமெரிக்க இலக்கியம் பற்றிய பாடப்புத்தகம்.

“என்ன தம்பி, அமெரிக்கா பிடித்திருக்கிறதா?” என்று கேட்டேன்.

“ஐயா, எனக்கு ஓர் ஐயம். தோரோ என்பவர் வால்டன் குளக்கரைக் காட்டிலே குடிசை போட்டார் என்று படிக்கின்றோம். அவரே இந்த அமிர்திக் காட்டில் குடிசை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“வழக்குப் போட்டிருப்பார்கள் ஐயா. அத்துமீறி நுழைந்தது ஒரு குற்றம். மரம் வெட்டியது ஒரு குற்றம். அவர் எழுதிய புத்தகம் சாட்சிப் பொருளாகியிருக்கும்.”

என் சிரிப்பு அடங்கிற்று. ஒரு வகுப்பறையும் கேட்கத் துணியாத கேள்வியன்றோ அது! அந்தக் கேள்வியைத் தம் கல்லூரிக் கூட்டமொன்றில் எழுப்பினாராம். மேடையில் இருந்த அறிஞர் ஒருவர், “இலக்கியத்தை இலக்கியமாகப் படி, அரசியலை அதில் நுழைக்காதே. அமெரிக்கா வேறு, நாம் வேறு. அங்கே அடிமை முறை இருந்தது, இங்கே அது இருந்ததில்லை. அங்கே பூர்வகுடியை விரட்டினார்கள், இங்கே யாரும் யாரையும் விரட்டவில்லை” என்று அறிவுரை வழங்கினாராம்.

அறிஞரின் பெயர் நமக்கு வேண்டாம். அவர் ஒருவரல்லர், ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு மறுமொழி கூறவே இந்தக் கட்டுரை.

பனிக்கட்டி வந்த வழி

அமெரிக்கா வேறு, நாம் வேறு என்கின்றார். கடல் பெரிதுதான். ஆனால் அந்தக் கடலைக் கடந்து வந்தவை எவை எவை என்று எண்ணிப் பார்த்தாரா?

சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று வழங்கும் கட்டடம் ஆதியில் எதற்காக எழுந்தது? பனிக்கட்டியைச் சேமித்து வைக்க! பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் தம் நாட்டுக் குளங்களில் உறைந்த பனியை அறுத்துக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார். 1842ஆம் ஆண்டளவில் அந்தப் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. வெள்ளைத் துரைமார்களின் குவளையைக் குளிர்விக்க அமெரிக்கக் குளம் அறுபட்டது. தோரோ வாழ்ந்த வால்டன் குளத்திலும் 1846-47 குளிர்காலத்தில் பனி அறுத்தார்கள். சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ளோர் தம் குளத்து நீரைப் பருகுவதாகக் கற்பனை செய்து, 1854இல் வெளிவந்த தம் நூலில் சென்னையின் பெயரையே எழுதிவைத்தார் அவர். அவருக்குச் சென்னை தெரிந்திருக்கிறது. நம் அறிஞருக்குத்தான் வால்டன் வேறு உலகமாகத் தெரிகிறது.

வேலூர்க்காரருக்கோ இன்னும் அருகில் சான்று இருக்கிறது. 1819இல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு யாழ்ப்பாணம் வந்தவர் டாக்டர் ஜான் ஸ்கட்டர். அவர் மக்கள் 1853இல் ஆற்காடு மிஷனை அமைத்தனர். அவர் பேர்த்தி ஐடா ஸ்கட்டர் 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம்தான் இன்று நாடறிந்த மருத்துவக் கல்லூரியாக ஓங்கி நிற்கிறது. அமெரிக்காவின் மருந்து இங்கே வரலாம், பனிக்கட்டி வரலாம், பாடப்புத்தகம் வரலாம். அதன் வரலாறு எழுப்பும் கேள்வி மட்டும் வரக் கூடாதா?

அடிமை இங்கே இல்லையா?

“இங்கே அடிமை முறை இருந்ததில்லை” என்கின்றார். இல்லாத ஒன்றை ஒழிக்க எவரேனும் சட்டம் செய்வரோ? 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் எதற்கு வந்தது? இந்தியாவில் அடிமை மீது உரிமை கொண்டாடுவதை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று சொல்ல வந்தது. அதுவும் போதாமல், ஆளை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டம் விதித்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1862 சனவரி 1. ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த நாள் 1863 சனவரி 1. ஓராண்டு இடைவெளி! லிங்கனின் நாளை மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளில், முன்னதை அறிந்தவர் எத்தனை பேர்?

சட்டம் வந்தது, சங்கிலி போயிற்றா? பிரிட்டிஷ் பேரரசு தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்த 1834ஆம் ஆண்டிலேயே மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறத் தொடங்கினர். 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘டிரூரோ’ என்னும் கப்பல் நேட்டாலுக்குக் கூலிகளைச் சுமந்து சென்றது. கறுப்பரின் கழுத்திலிருந்து கழன்ற நுகத்தைத் தமிழரின் தோள்மீது மாட்டினர். பெயர் மாறிற்று, நுகம் மாறவில்லை.

நம் நாட்டிலேயே அமெரிக்க வரலாற்றைச் சரியாகப் படித்த ஒருவர் இருந்தார். புனே நகரத்து மகாத்மா ஜோதிராவ் புலே. தோட்டக்காரக் குலத்தில் பிறந்தவர். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் பள்ளி திறந்தவர். 1873இல் அவர் எழுதிய நூலின் பெயரே ‘குலாம்கிரி’. அடிமைத்தனம் என்பது பொருள். யாருக்குக் காணிக்கையாக்கினார்? அடிமை விடுதலைக்காகப் போராடிய அமெரிக்க மக்களுக்கு! அவர்களுடைய முன்மாதிரியைத் தம் நாட்டு மக்கள் பின்பற்றிச் சூத்திரரை விடுவிக்க வேண்டும் என்பது அவர் வேட்கை. பூனா எங்கே, பென்சில்வேனியா எங்கே? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே புலே கட்டிய பாலத்தை, இன்றைய அறிஞர் இடிக்கப் பார்க்கின்றார்!

காகிதத்தில் வந்த விடுதலை

சரி, அமெரிக்காவில் விடுதலை எப்படி வந்தது? 1852இல் ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய ‘டாம் மாமாவின் குடிசை’ முதலாண்டிலேயே அமெரிக்காவில் மட்டும் மூன்று இலட்சம் படிகள் விற்றது. படித்தவர் அழுதனர். ஆனால் கண்ணீர் மட்டும் அடிமையை விடுவிக்கவில்லை. நான்காண்டு உள்நாட்டுப் போர் வேண்டியிருந்தது. 1860இல் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைகள். 1865 டிசம்பரில் பதின்மூன்றாம் திருத்தம் அரசியல் சட்டத்தில் ஏறியது. அடிமை முறை ஒழிந்தது என்று மணி அடித்தார்கள்.

மணி அடித்த மறுநாள் காலை, விடுதலை பெற்றவன் எங்கே நின்றான்? அதே பருத்திக் கொல்லையில்! நிலம் யாருடையது? பழைய எசமானனுடையது. ஏர் யாருடையது? எசமானனுடையது. உண்ண உணவு? எசமானன் தரும் கடன். இதைத் தவிர்க்க வழி தெரியாமல் இல்லை. 1865 சனவரியில் தளபதி ஷெர்மன் ஆணையிட்டார்: கடற்கரையோரத் தோட்டங்களைப் பிரித்து, விடுதலை பெற்ற குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை கொடுங்கள் என்று. ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் குடியேறி உழுதனர். லிங்கன் கொலையுண்டபின் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டு முடிவதற்குள் அந்த நிலங்களைப் பழைய உடைமையாளரிடமே திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். உழுதவன் குத்தகைக்காரன் ஆனான். குத்தகைக்காரன் கடன்காரன் ஆனான். கடன்காரன் மறுபடியும் கட்டுண்டவன் ஆனான். இத்தனைக்கும் 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் வழியே மேற்கே செல்வோருக்கு 160 ஏக்கர் என்று அள்ளிக் கொடுத்த நாடு அது! நிலம் இல்லாமலா போயிற்று? கொடுக்க மனம் இல்லை.

இது அமெரிக்கக் கதை என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். செங்கற்பட்டுக்கு வாருங்கள். அங்கே கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் இழிநிலை பற்றி 1891இல் அறிக்கை தந்தார். நிலம் இல்லாத வரை இவர்கள் நிமிர முடியாது என்பது அதன் சாரம். 1892இல் அரசு ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்கும் நிலம் அளிக்கப்பட்டது. பத்தாண்டு வரை விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கவேண்டும். எவ்வளவு திட்டவட்டமான விதி! விதி ஏட்டில் இருந்தது. நிலம் பிறர் கையில் போயிற்று. செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணையில் அந்த நிலத்தை மீட்க எழுந்த மக்கள்மீது 1994 அக்டோபரில் துப்பாக்கி வெடித்தது, இருவர் மாண்டனர். ஷெர்மனின் 40 ஏக்கரும் நம் பஞ்சமி நிலமும் ஒரே தாயின் பிள்ளைகள் அல்லவா?

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்கு 43 ஆண்டுகள் கழித்து, 2019 சூலையில், காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். முதியவர் ஒருவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்த படத்தை நாடே பார்த்தது. ஆயிரம் இரண்டாயிரம் கடனுக்கு ஆயுளையே அடகு வைத்தவர்கள் அவர்கள். அமிர்தியிலிருந்து வெகுதொலைவிலா நடந்தது இது? இதையும் பார்த்துவிட்டு, “இங்கே அடிமை இல்லை” என்று மேடையில் முழங்க ஒரு நாக்கு வேண்டுமே!

விரட்டியவர் யார்?

“யாரும் யாரையும் விரட்டவில்லை” என்பது அறிஞரின் அடுத்த வாதம். மாணவரின் புத்தகத்தில் செரோக்கி மக்களின் கதை இருந்தது. அவர்களுள் ஒருவரான செக்கோயா 1821இல் தம் மொழிக்கு எழுத்து வகுத்தார். 1827இல் அரசியல் சட்டம் எழுதிக் கொண்டனர். 1828இல் சொந்த மொழியில் செய்தித்தாள் நடத்தினர். ‘நாகரிகம் இல்லாதவர்’ என்ற பழிக்கு இடமில்லை. ஆனால் அவர்கள் மண்ணில் பொன் இருந்தது. நெஞ்சில் ஆசை இருந்தது வெள்ளையருக்கு. 1830இல் வெளியேற்றச் சட்டம். 1832இல் உச்ச நீதிமன்றம், செரோக்கி மண்ணில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் பயன்? 1838இல் எமர்சன் குடியரசுத் தலைவருக்கே கண்டனக் கடிதம் எழுதினார். எழுதியும் பயன்? 1838-39இல் படை வந்து விரட்டியது. மேற்கு நோக்கி நடந்தவர்களில் நாலாயிரம் பேர் அளவில் மாண்டனர்.

இப்போது நம் மலையைப் பாருங்கள். சவ்வாது மலையைச் சூழ்ந்த செங்கம் நாடு, ‘மலைபடுகடாம்’ பாடப்பெற்ற நன்னனின் நாடு. கூத்தரும் பாணரும் வழிநடந்து செல்ல, மலைவாழ் மக்கள் விருந்தளித்த நாடு. அந்த மக்களிடம் அந்நாளில் பட்டா கேட்டவர் உண்டா? இல்லை. இரயில் வந்தபின் காடு சரக்காயிற்று. இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856இல் பாதை திறந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கட்டை வேண்டும், வண்டிக்கு விறகு வேண்டும். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒரு பகுதியைக் காப்புக்காடாக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வெளியிடுவர்; உரிமை உள்ளவர் குறித்த காலத்துக்குள் வந்து கேட்கவேண்டும்; கேட்காத உரிமை அழிந்துபோகும். எழுத்தறியாத மக்களிடம் எழுத்தால் கேட்டு, விடை வரவில்லை என்று வீட்டையும் காட்டையும் எடுத்துக்கொள்ளும் சூழ்ச்சியை என்னென்பது! செரோக்கியை விரட்டத் துப்பாக்கி ஏந்திய படை தேவைப்பட்டது. இங்கே ஒட்டுப்பசையும் ஒரு துண்டு அறிவிப்பும் போதுமாயிற்று. நேற்றுவரை காட்டுக்குடியாக இருந்தவன், நின்ற இடத்தில் நின்றபடியே திருடன் ஆனான்.

அந்தத் ‘திருடன்’ பட்டம் என்ன செய்யும் என்பதற்கு வாச்சாத்தி சான்று. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து ஊர். அங்கும் மலையாளிப் பழங்குடியினரே வாழ்கின்றனர். சந்தனக் கட்டை பதுக்கினர் என்று கூறி 1992 சூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் புகுந்தனர். வீடுகள் நொறுங்கின, 18 பெண்கள் சீரழிக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பரில். அதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர், எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்றது நீதிமன்றம். உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். முப்பத்தோராண்டுகள்! நீதி வென்றது என்று மகிழலாம். அது நடந்துவந்த தூரத்தை எண்ணி வெட்கவும் வேண்டும்.

சவ்வாது மலை மட்டும் தப்பிற்றா? 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையால் சுடப்பட்டு மாண்ட 20 தமிழரில் இந்த மலையின் பிள்ளைகளும் இருந்தனர். செம்மரம் வெட்டச் சென்றவர்கள். மரம் வெட்டியது தவறென்றால், அதற்கு நீதிமன்றம் உண்டு. கூலிக்குப் போனவன் பிணமாக வந்தான். கடத்தலில் கோடி குவித்தவன் எங்கே போனான்? சொந்தக் காட்டில் பிழைக்க வழியிருந்தால், அயல்காட்டில் சாகப் போவார்களா?

காடு காக்க வேண்டாமா?

“காட்டைக் காப்பாற்ற வேண்டாமா?” என்று கேட்பர். காக்கவேண்டும், கட்டாயம் காக்கவேண்டும். யாரிடமிருந்து? அமெரிக்காவில் யோசமைட் பள்ளத்தாக்கின் எழிலைக் காக்க 1864இல் சட்டம் செய்தனர். அதற்குப் பதின்மூன்றாண்டுக்கு முன், 1851இல், அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பூர்வகுடி மக்களை ஆயுதப்படை கொண்டு விரட்டியிருந்தனர். மக்களை வெளியேற்றிவிட்டு, “ஆகா, மனிதக் கால் படாத இயற்கை!” என்று வியந்தனர். அந்த வியப்பைத்தான் நாமும் கடன் வாங்கிக்கொண்டோம். காட்டுடன் நூற்றாண்டுகள் வாழ்ந்தவன் காட்டுக்குப் பகை. ஞாயிறன்று வந்து நெகிழித்தாளை வீசிச் செல்பவன் இயற்கை அன்பன்! எந்த ஊர் நியாயம் இது?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த அநியாயத்தை ஒப்புக்கொண்டது. பழங்குடியினருக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று முகப்புரையிலேயே எழுதிற்று. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து உழுத நிலத்துக்கு உரிமை, சிறு வனப்பொருளுக்கு உரிமை, காட்டைக் காக்கும் உரிமையும் ஊருக்கே; கோரிக்கையைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கு. பெற்றோமா? தமிழ்நாட்டில் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையொன்று 2008 முதல் குறுக்கே நின்றது. 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்தத் தடை அகன்றது. எட்டாண்டு! தடை அகன்றபின்னும் சான்று தானாக நடந்து மலையேறி வராது. ஊர் கூடிக் கேட்டால்தான் வரும்.

தம்பிக்கு ஒரு சொல்

தோரோவின் குடிசைக்கான செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். அவரே கணக்கெழுதி வைத்திருக்கின்றார். குடிசை நின்ற மண் எமர்சனுடையது. நண்பர் இசைவளித்தார், அவர் குடியேறினார். அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்கு வரி கொடேன் என்று மறுத்து, 1846இல் ஓரிரவு சிறையிருந்தார். அந்த ஓரிரவிலிருந்து பிறந்த கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் காந்தியார் படித்தார். பின்னர் நடந்தது நாடறியும். தம்பி, நீ கேட்ட கேள்விக்கு மறுமொழி இங்கேதான் இருக்கிறது. தோரோவுக்கு ஓர் எமர்சன் இருந்தார். உன் தந்தைக்கு எமர்சன் இல்லை. ஆனால் உன் தந்தைக்கு நண்பரின் இசைவு எதற்கு? அந்த மண் அவருடையது! தேவை இரக்கமன்று, உரிமைச் சான்று.

அடிமையாய்ப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ் சிறுவனாய் இருந்தபோது, எசமானி எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினாள், எசமானன் தடுத்தான். எழுத்தறிந்தவன் அடிமையாய் இரான் என்பது அவன் அச்சம். தெருப்பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுத்து எழுத்தைக் கற்றான் அச்சிறுவன். 1845இல் தன் வரலாற்றைத் தானே எழுதினான், உலகம் படித்தது. 1882இன் அறிவிப்பை உன் பாட்டனார் படித்திருக்க முடியாது. நீ படிக்க முடியும். சவ்வாது மலையின் மலையாளிக் குலப்பெண் ஒருவர் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார் என்ற செய்தி 2024இல் வந்ததே, அந்தக் காலம் வந்துவிட்டது. அறிவிப்பு ஒட்டுபவர்கள் இனி விடை வராது என்று நம்ப இயலாது.

ஆகவே தேர்வுக்கும் படி, ஊருக்கும் படி. விடுமுறைக்கு மலையேறும்போது வன உரிமைச் சட்டத்தின் தமிழ்ப்படி ஒன்றைக் கொண்டு செல். கிராம சபையில் உரக்கப் படி. எந்தப் பாறையில் உன் முன்னோர் சாமை குத்தினர், எந்த மரத்தடியில் தெய்வம் வைத்தனர், எந்த ஓடையில் நீர் முகந்தனர் என்று முதியோரைக் கேட்டு எழுது. ஊர் முதியோரின் வாக்குமூலமும் சான்றே என்று அந்தச் சட்டத்தின் விதிகள் ஏற்கின்றன. சமவெளியில் இருக்கும் நாமோ, அமிர்தியில் அருவி பார்த்துத் திரும்பும் நாமோ, அந்த மனுக்கள் அலுவலக மேசையில் உறங்கும்போது மேசையைத் தட்டி எழுப்பக் கடமைப்பட்டவர்கள்.

அமெரிக்க வரலாறு நமக்குப் பொழுதுபோக்கன்று. விடுதலை என்று எழுதிவிட்டு நிலத்தைக் கொடாதவர், பாதி வேலை செய்தவர் அல்லர். வேலையைத் தொடங்காதவர் என்பதே அது கற்பிக்கும் பாடம். அந்தப் பாடத்தை அறிஞர் மறந்தார். அமிர்தியில் ஒரு மாணவர் நினைவூட்டினார். நாம் அவர் பக்கம் நிற்போம்!